தொலைந்த ரொட்டி சுடும் முறை

எங்கள் வீட்டு அடுப்படிக் கதவுக்குப் பின்னால் ஒரு துணிப்பை தொங்குகிறது. வெள்ளி, சனி இரண்டு நாளும் சாப்பிட்டு மிஞ்சின ரொட்டி அதற்குள் போகும். ஞாயிற்றுக்கிழமை காலை எழுந்ததும் பையை வெளியிலிருந்தே ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பேன். உள்ளே ஒன்றோடொன்று இடித்து மரக்கட்டை மாதிரி சத்தம் வந்தால் அன்றைக்கு பேன் பெர்தி. சத்தம் வராமல் மெத்தென்று இருந்தால் இட்லிதான். மாவு எப்படியும் இருக்கும்.

பேன் பெர்தி வேறொன்றுமில்லை, ஃபிரெஞ்சு டோஸ்ட்தான். காரைக்காலில் நான் பள்ளிக்கூடம் போன நாளில் அதற்கு பாம்பே டோஸ்ட் என்று பெயர். கல்யாணமாகி மொரீஷியசில் ரோஸ் ஹில்லுக்கு வந்த பிறகுதான் இந்தப் பெயர் தெரிந்தது. ஃபிரெஞ்சில் 'பேன்' ரொட்டி, 'பெர்தியு' தொலைந்து போனது. இங்கே எல்லோரும் பேசுகிற கிரியோலில் அது பெர்தி என்று சுருங்கிவிட்டது. தொலைந்த ரொட்டி. சாயங்காலம் வீட்டில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். பெயரெச்சம் நடத்தும்போது இதைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்வது. உடனே பிடித்துக்கொள்வார்கள். வீட்டுக்கு வீடு தெரிந்த பலகாரமாயிற்றே.

இந்தத் தீவை ஃபிரெஞ்சுக்காரர்கள் 1715 முதல் 1810 வரை வைத்திருந்தார்கள். அந்தக் காலத்திலேயே புதுச்சேரிப் பக்கமிருந்து தச்சர்களும் கொத்தனார்களும் இங்கே வந்து வேலை பார்த்தார்கள். அப்புறம் ஆங்கிலேயர் ஆட்சி, 1834 முதல் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பல் கப்பலாக ஆள் இறக்கியது, 1968-ல் சுதந்திரம் எல்லாம் ஆயிற்று. ரொட்டி மட்டும் இடத்தை விட்டு நகரவில்லை. கோதுமை கப்பலில் வர வேண்டிய ஊரில், காலைக்கும் சாயங்காலத் தேநீருக்கும் ரொட்டிதான். பிற்பகல் மூன்று, மூன்றரைக்கு பேக்கரி வாசலில் சூடான ரொட்டிக்கு ஆள் நிற்கும். கைக்குள் அடங்குகிற, மேல்தோல் முறுகலான 100 கிராம் ரொட்டி. அதன் விலையை அரசாங்கம் மானியம் கொடுத்துக் கட்டுக்குள் வைத்திருக்கிறது. இவ்வளவு நல்ல ரொட்டிக்கு ஆயுசு அரை நாள். மூன்று மணிக்கு மொறுமொறுவென்று இருந்தது ராத்திரி எட்டு மணிக்கு நமுத்துப் போய், இழுத்தால் ரப்பர் மாதிரி வரும். மறுநாள் காலையில் விறைத்துவிடும். பேன் பெர்திக்கு அப்போதுதான் வேளை வருகிறது.

இதைத்தான் நான் முதலில் சொல்ல விரும்புவது. முட்டை எத்தனை, பால் எவ்வளவு என்று எல்லோரும் கேட்பார்கள். ரொட்டிக்கு வயது எத்தனை என்று யாரும் கேட்பதில்லை.

கல்யாணமான இரண்டாவது மாதம் நானும் கேட்கவில்லை. மாமியார் வீட்டில் என் கைவரிசையைக் காட்டலாம் என்று, கடையில் பாலித்தீன் உறையில் வருகிற மெத்துமெத்தென்ற துண்டு ரொட்டியை வாங்கி வந்தேன். அம்மா செய்வது போலவே முட்டை, பால், சர்க்கரை, ஏலக்காய் எல்லாம் அடித்து வைத்தேன். வீட்டில் பத்துப் பேர். ரொட்டியைக் கலவையில் போட்டு எடுக்கும்போதே பாதி கையோடு வந்தது, மீதி பாத்திரத்தில் கூழாகக் கரைந்தது. கையில் வந்ததைக் கல்லில் போட்டேன். மேலே கருகிவிட்டது, உள்ளே ஈரச் சோறு மாதிரி சொதசொதவென்று இருந்தது. முட்டைக் கவிச்சி வேறு. நாத்தனார் பிள்ளைகள் மரியாதைக்கு ஒரு வாய் தின்றுவிட்டுத் தட்டை நகர்த்தி வைத்தார்கள்.

அத்தை ஒன்றும் சொல்லவில்லை. அவருக்குத் தமிழ் புரியும், பேச்சு அவ்வளவாக வராது. கோவிலில் தேவாரம் பாடுவார், வீட்டுக்கு வந்தால் கிரியோல்தான். மறுவாரம் ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டு அடுப்புக்குப் பக்கத்தில் நிறுத்தினார். துணிப்பையிலிருந்து ஒரு ரொட்டியை எடுத்து மேடையில் ஒரு தட்டுத் தட்டினார். "பா கும்சா" என்று போன வாரத்து டோஸ்டைக் காட்டுவது போல் கையை உதறினார். இப்படி இல்லை என்று அர்த்தம். "கும்சா" என்று காய்ந்த ரொட்டியை என் கையில் வைத்தார். பாடம் அவ்வளவுதான்.

ஏன் காய்ந்தது வேண்டும்? புது ரொட்டிக்குள் ஏற்கெனவே நிறைய ஈரம் இருக்கிறது. கலவையில் போட்டால் உறிஞ்ச இடம் இல்லை, கட்டுமானமும் இளசு, அதனால் குலைந்துவிடுகிறது. ஒரு நாள், ஒன்றரை நாள் ஆன ரொட்டியில் இரண்டு காரியம் நடந்திருக்கும். ஈரம் வெளியேறியிருக்கும். அது பாதி. மாவுச்சத்து மறுபடி இறுகிக் கெட்டியாகியிருக்கும். அது மீதி. பழைய சோறு பருக்கை பருக்கையாக விறைத்துப் போகிறதே, அதே சங்கதி. அப்படி இறுகின ரொட்டி பாலைக் குடிக்கும், உருவம் கலையாது.

சரி, மூன்று மணிக்கு வாங்கின ரொட்டிதான் கையில் இருக்கிறது, நாளைக் காலையில் செய்தாக வேண்டும் என்றால்? ராத்திரியே துண்டு போட்டு, கம்பித் தட்டில் பரப்பித் திறந்தே வையுங்கள். கம்பித் தட்டு இல்லாவிட்டால் அகலமான சல்லடை போதும். அடியிலும் காற்று போக வேண்டும், இல்லாவிட்டால் ஒரு பக்கம் மட்டும் காயும். மழைக்காலத்தில் இது சரிப்படாது. ஜனவரி, பிப்ரவரி புழுக்கத்தில் ரொட்டி காய்வதற்குள் பச்சைப் பொட்டு விழுந்துவிடும். அப்படி ஒரு பொட்டுத் தெரிந்தால் அந்த இடத்தை மட்டும் கிள்ளி எறிந்துவிட்டு மீதியை உபயோகிக்காதீர்கள், முழு ரொட்டியும் போகட்டும். புழுக்க நாளில் நான் ஓவனை 110 டிகிரியில் வைத்துத் துண்டுகளைப் பக்கத்துக்கு ஏழெட்டு நிமிஷம் காய வைப்பேன். நிறம் மாறக் கூடாது. தொட்டால் மேல்தோல் சொரசொரவென்று இருக்க வேண்டும், அவ்வளவே. ஓவன் இல்லாதவர்கள் காலித் தோசைக்கல்லைச் சிறு தீயில் வைத்து, எண்ணெய் விடாமல் வாட்டலாம்.

புயல் வந்தால் எங்களுக்குக் காய்ந்த ரொட்டிக்குப் பஞ்சமே இல்லை. இங்கே புயல் எச்சரிக்கை ஒன்றிலிருந்து நான்கு வரை வகுப்பு வகுப்பாக ஏறும். இரண்டாம் வகுப்பு என்று ரேடியோவில் சொன்னால் மெழுகுவத்தி, தண்ணீர், சார்டின் டப்பாவோடு ஒரு பை ரொட்டியும் வீட்டுக்கு வந்து சேரும். 2024 ஜனவரியில் பெலால் புயல் போர்ட் லூயியில் கார்களை மிதக்கவிட்டதே, அந்த வாரம் என் கணவர் இருபது ரொட்டி வாங்கி வைத்துவிட்டார். இருப்பது ஐந்து பேர். மூன்று நாள் விடாமல் பேன் பெர்தி சாப்பிட்டோம்.

எந்த ரொட்டி என்றால், தோல் தடித்த, உள்ளே ஓட்டை ஓட்டையாக இருக்கிற ரொட்டி முதல் தரம். நீள ரொட்டியான பாகெத் இருந்தால் சாய்வாக வெட்டுங்கள், துண்டு பெரிதாக வரும். தமிழ்நாட்டில் இருப்பவர்கள் பேக்கரியில் வெட்டாத முழு ரொட்டியாகக் கேட்டு வாங்கி, வீட்டில் வெட்டிக்கொள்ளலாம். பால் ரொட்டி, இனிப்பு பன் இரண்டும் ஆகும். ஆனால் அவற்றில் ஏற்கெனவே சர்க்கரை இருப்பதால் சீக்கிரம் கருகும், தீயைக் குறைத்துக்கொள்ள வேண்டும். துண்டின் கனம் இரண்டு சென்டிமீட்டர், சுமார் ஒரு விரல் அகலம். மெல்லிசாக வெட்டினால் முட்டை தோய்த்த அப்பளம் மாதிரி ஆகிவிடும். ரொம்பத் தடிமனானால் வெளியே சிவந்த பிறகும் நடுவில் பச்சையாக நிற்கும். காய்ந்த ரொட்டியை வெட்ட அரம் போன்ற பல் உள்ள கத்தி வேண்டும். சாதாரணக் கத்தியால் அழுத்தினால் ரொட்டி நொறுங்கும், கையிலும் படும்.

இப்போது கலவை. நாலு பேருக்கு, ஆளுக்கு மூன்று துண்டு வீதம், நான் வைத்திருக்கிற கணக்கு இது: 100 கிராம் ரொட்டி நான்கு, முட்டை மூன்று, பால் 300 மில்லி, சர்க்கரை இரண்டு மேசைக்கரண்டி, உப்பு கால் தேக்கரண்டி. உப்பை விடாதீர்கள். இனிப்புக்கு எதற்கு உப்பு என்று என் சின்ன மகள் கேட்டாள். ஒரு தடவை உப்பில்லாமல் செய்து அவளுக்கே கொடுத்தேன், அதற்குப் பிறகு கேட்கவில்லை. பாயசத்தில் ஒரு கல் உப்புப் போடுவது மாதிரிதான்.

பால் விஷயத்தில் எங்கள் வீட்டு வழக்கம் கொஞ்சம் வேறு. கறந்த பால் இங்கே எளிதில் கிடைக்காது, பெரும்பாலான வீட்டில் பால்பவுடர்தான். முதலில் எனக்கு அது பெரிய குறையாகத் தெரிந்தது. இந்தப் பலகாரத்துக்கு மட்டும் அது வரம். 300 மில்லி வெதுவெதுப்பான தண்ணீரில் 50 கிராம் பவுடரைக் கரைத்தால் சாதாரணப் பாலைவிடக் கெட்டியாக வரும். பசும்பாலைச் சுண்டக் காய்ச்சிய ருசி. கரைத்ததை நன்றாக ஆற விட வேண்டும். சூட்டோடு முட்டையில் ஊற்றினால் முட்டை திரிந்து துணுக்குத் துணுக்காக நிற்கும்.

அடிக்கும் முறைக்கு ஒரு வரிசை இருக்கிறது. முட்டையை உடைத்து, சர்க்கரையும் உப்பும் அதில் போட்டு, முள்கரண்டியால் வெள்ளைக்கரு இழை அறும் வரை அடிக்க வேண்டும். நுரை பொங்க வேண்டியதில்லை. வாசனைப் பொடி ஏதாவது போடுவதாக இருந்தால் இப்போதே, சர்க்கரையோடு சேர்த்தே போட்டுவிடுங்கள். பட்டைப்பொடியைப் பால் ஊற்றின பிறகு தூவினால் மேலேயே மிதந்து, முதல் துண்டு முழுப்பொடியையும் வாரிக்கொண்டு போய்விடும். கடைசித் துண்டுக்கு ஒன்றும் மிஞ்சாது. பிறகு அரை டம்ளர் பால் ஊற்றிக் கலக்கி, அப்புறம் மீதிப் பால். கடைசியில் டீ வடிகட்டியில் ஒரு தடவை வடிகட்டுங்கள். வடிகட்டியில் கொழகொழவென்று ஒரு கட்டி தங்கும். கரையாத வெள்ளைக்கரு. அது ரொட்டிமேல் ஒட்டிக் கல்லில் வெந்தால் ஆம்லெட் தோல் மாதிரி வெள்ளையாகத் திரளும். என் முதல் டோஸ்டில் கவிச்சி அடித்தது அதனால்தான். கவிச்சி அறவே ஆகாது என்பவர்கள் இரண்டு முழு முட்டையோடு இரண்டு மஞ்சள்கரு மட்டும் சேர்த்துச் செய்து பார்க்கலாம்.

வாசனைக்கு நான் போடுவது வனிலாவும் துளி ஜாதிக்காயும். நாத்தனார் பக்கத்துத் தீவான ரீயூனியனில் இருக்கிறாள், விமானத்தில் முக்கால் மணி நேரம். வரும்போதெல்லாம் கண்ணாடிக் குழாயில் இரண்டு வனிலாக் காய் கொண்டுவருவாள். கருத்து, எண்ணெய்ப் பசையோடு, காய்ந்த முருங்கைக்காயின் குட்டித் தம்பி மாதிரி இருக்கும். நீளவாக்கில் கீறி, கத்தியின் முதுகால் வழித்தால் மிளகுத்தூளைவிடப் பொடியாக விதை வரும். அந்த விதையையும் காயையும் பாலில் போட்டு லேசாகச் சுட வைத்து மூடிவிட்டால், ஆறுவதற்குள் அடுப்படியே மணக்கும். வனிலாவின் சொந்த ஊர் மெக்சிகோ. கொடியை இந்தப் பக்கத்துத் தீவுகளுக்குக் கொண்டுவந்து நட்டும் காய் பிடிக்கவில்லை, மகரந்தம் சேர்க்கிற பூச்சி இங்கே கிடையாது. 1841-ல் ரீயூனியனில் எட்மோன் அல்பியுஸ் என்ற பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன், ஒரு சிறு குச்சியால் பூவுக்குள் இருக்கும் தடுப்பை விலக்கி விரலால் மகரந்தத்தைச் சேர்க்கும் வழியைக் கண்டுபிடித்தான். இன்றைக்கும் தோட்டங்களில் பூ பூவாகக் கையால் செய்வது அந்த முறைதான். பிழிந்த காயைத் தூக்கிப் போட எனக்கு மனசு வராது. கழுவிக் காயவைத்துச் சர்க்கரை டப்பாவில் செருகிவிடுவேன். ஆறு மாதம் மணம் கொடுக்கும். காய் இல்லாவிட்டால் எசன்ஸ் ஒரு தேக்கரண்டி. ஏலக்காயும் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் வனிலாவையும் ஏலக்காயையும் ஒன்றாகப் போடாதீர்கள். இரண்டும் முன்வரிசைக்கு முட்டிக்கொள்ளும்.

ஊறவைப்பதற்கு ஆழமான பாத்திரம் வேண்டாம். துண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் படுக்கிற மாதிரி அகலமான தட்டு வேண்டும். கலவையை ஊற்றி, துண்டுகளைப் பரப்பி, பக்கத்துக்கு மூன்று நிமிஷம். நன்றாகக் கல்லாகிப்போன ரொட்டியாக இருந்தால் ஐந்து நிமிஷம்கூட ஆகும். மெல்லிய துண்டு ரொட்டிக்கோ பக்கத்துக்கு இருபது விநாடியே அதிகம். கடிகாரத்தைவிட ஈர்க்குச்சியை நம்புங்கள். துண்டின் நடுவில் ஈர்க்குச்சியால் குத்தினால், வெந்த இட்லியில் இறங்குவது போலத் தடையில்லாமல் இறங்க வேண்டும். நடுவில் 'நறுக்' என்று ஒரு இடம் தட்டுப்பட்டால் இன்னும் ஊற வேண்டும். இரண்டு விரலால் தூக்கினால் துண்டு லேசாக வளைய வேண்டும். தொங்கினால் ஊறல் மிஞ்சிவிட்டது. அப்படி ஆகிவிட்டால் கம்பித் தட்டில் ஐந்து நிமிஷம் கிடத்துங்கள், வடியும்.

தோலோரம் ஊறத் தாமதமாகும். அத்தை துண்டைக் கலவையில் நிறுத்தி, வண்டிச் சக்கரம் மாதிரி ஓரத்தையும் ஒரு சுற்று உருட்டி எடுப்பார். கடையில் எடுத்த புகைப்படங்களில் ஓரம் வெளுத்துக் காய்ந்து நிற்பதைப் பார்த்தால் எனக்கு உடனே அந்தச் சுற்றுத்தான் நினைவுக்கு வரும்.

அடுப்பு. தடித்த கல்லோ அடி கனத்த வாணலியோ எதுவானாலும் சரி. நான் சப்பாத்திக் கல்லில்தான் போடுகிறேன். இங்கே ஃபராத்தா சுடுகிற கனமான இரும்புக் கல், எங்கள் வீட்டில் அதற்கும் தவா என்றுதான் பெயர். தீ நடுத்தரத்துக்கும் ஒரு படி கீழே. பலரும் கோட்டை விடுவது இங்கேதான். தோசைக்குக் காய்கிற அளவு கல் காய்ந்தால் ஒரு நிமிஷத்தில் வெளிப்பக்கம் சிவந்துவிடும், உள்ளே இருக்கிற முட்டைப்பால் கட்டியாகவே நேரம் இருக்காது. உள்ளே இருப்பது ஒருவகையில் கஸ்டர்டு. அது மெல்ல மெல்லச் சூடேறி உறைய வேண்டும்.

கொழுப்புக்கு வெண்ணெய் இரண்டு பங்கு, எண்ணெய் ஒரு பங்கு. தனி வெண்ணெய் சீக்கிரம் கருகும், அதில் இருக்கிற பால் சத்து அடியில் படிந்து கறுத்துவிடும். எண்ணெய் சேர்த்தால் அந்தக் கருகல் நிற்காது, ஆனால் பால் சத்து குறைவாக இருப்பதால் கறுப்பு அவ்வளவு படியாது. கருகலே வேண்டாம் என்பவர்கள் நெய் விடலாம். பால் சத்தை எடுத்துவிட்டதுதானே நெய். மணம் மட்டும் கேசரிப் பக்கம் சாய்ந்துவிடும், அது பிடித்தவர்களுக்குப் பிடிக்கும்.

வெண்ணெய் போட்டதும் காதைக் கொடுத்துக் கேளுங்கள். முதலில் சலசலவென்று ஒரு சத்தம். வெண்ணெயில் உள்ள தண்ணீர் கொதித்து ஆவியாகிற ஓசை. பெரிய பெரிய குமிழி வெடிக்கும். கொஞ்ச நேரத்தில் அந்தக் குமிழிகள் சிறுத்து நுரையாகும், சத்தம் அடங்கும், கடலை வறுத்தது மாதிரி ஒரு மணம் எழும்பும். அந்தக் கணத்தில் துண்டைப் போட வேண்டும். சத்தம் அடங்குமுன் போட்டால் ரொட்டி வெண்ணெயில் ஊறி வெளுத்துக் கிடக்கும். மணம் வந்த பிறகும் நின்றுகொண்டிருந்தால் அரை நிமிஷத்தில் கசப்பு. போட்டதும் "ஸ்ஸ்" என்று மெதுவாக ஒரு சத்தம் வந்தால் சூடு சரி. தாளிக்கிற மாதிரி படபடத்தால் கல்லை அடுப்பிலிருந்து பத்து விநாடி தூக்கிப் பிடியுங்கள்.

போட்டுவிட்டுச் சும்மா இருங்கள். துண்டு தானாக விடும் வரை தோசைத் திருப்பியால் கெல்ல வேண்டாம். மூன்றரை, நாலு நிமிஷத்தில் ஓரமெல்லாம் உறைந்து, கல்லை ஆட்டினால் துண்டு வழுக்கி நகரும். அப்போது திருப்பினால் அடிப்பக்கம் வெல்லப்பாகு நிறத்தில் இருக்கும். மறுபக்கம் மூன்று நிமிஷம். துண்டின் நடுவில் விரலால் அழுத்தினால் மேலே எழும்பி வர வேண்டும். அழுத்தின இடத்தில் ஈரம் கசிந்தால் இன்னும் வேகவில்லை. முதல் துண்டை எப்போதும் நான் அடுப்படியிலேயே பிய்த்துப் பார்த்துத் தின்றுவிடுவேன். சமைப்பவளுக்கு உள்ள உரிமை அது. உள்ளே பால்கோவா மாதிரி இறுகி, பிய்த்த இடத்தில் ஆவி பறந்தால் மீதித் துண்டுகளை அதே தீயில் போடலாம்.

கடைசி நிமிஷ வேலை ஒன்று இருக்கிறது. இது எங்கள் தீவின் சொத்து. கரும்பு விளைகிற ஊர், சர்க்கரையிலேயே பத்து வகை கிடைக்கும். வெளிர் பழுப்பில் கல்கல்லாக டெமெராரா, ஈரமும் கறுப்புமாகக் கரும்புப்பாகு மணக்கிற மஸ்கோவாடோ. மஸ்கோவாடோ ருசிக்கு நம்மூர் நாட்டுச்சர்க்கரை கிட்டத்தட்ட அக்காள் முறை. இந்தக் கறுப்புச் சர்க்கரையைக் கலவையிலேயே கரைத்துவிட வேண்டும் என்று ஆசை வரும். செய்யாதீர்கள், ரொட்டி வேகுமுன்னே கருகிவிடும். கலவையில் வெள்ளைச் சர்க்கரை கொஞ்சமாக இருக்கட்டும். இரண்டு பக்கமும் வெந்த பிறகு மேலே ஒரு தேக்கரண்டி டெமெராராவை அள்ளித் தூவி, சர்க்கரைப் பக்கம் கல்லில் படுகிற மாதிரி திருப்பி, நாற்பது விநாடி. சர்க்கரை உருகிக் கண்ணாடித் தகடு மாதிரி ஒட்டிக்கொள்ளும், ஆறினால் பல்லில் 'கறுக்' என்னும். அந்த நேரத்தில் விரலால் தொட்டுப் பார்க்கவே கூடாது. உருகின சர்க்கரை கொதிக்கிற எண்ணெய் மாதிரி, ஒட்டிக்கொண்டால் உதறவும் முடியாது. பிள்ளைகள் பக்கத்தில் நின்றால் இந்த வேலையை விட்டுவிடுவேன். சுட்ட துண்டின்மேல் மஸ்கோவாடோவைத் தூவி அப்படியே வைத்தாலும், சூட்டில் இளகி ஈரமாகப் படியும்.

எடுத்த துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள். ஆவியில் எல்லாம் நமுத்துவிடும். கம்பித் தட்டில் வைத்து ஓவனில் 100 டிகிரியில் விட்டால், தூங்குமூஞ்சிகள் எழுந்து வரும் வரை அரை மணி நேரம் தாங்கும்.

கூட என்ன? அன்னாசி, மாம்பழம், வாழைப்பழம் எது இருக்கிறதோ அது. ஜூலை, ஆகஸ்டில் இங்கே குளிர்காலம். மலைமேட்டில் இருக்கிற எங்கள் பக்கம் காலையில் தூறலும் காற்றுமாக ஸ்வெட்டர் போடுகிற அளவுக்கு இருக்கும். அந்த நாளில் பழம் யாரும் தொடமாட்டார்கள், போவா ஷெரி என்ற இங்கத்துத் தோட்டத்து வனிலாத் தேயிலையில் பால் ஊற்றிப் போட்ட டீ மட்டும் குவளை குவளையாகப் போகும். என் கணவர் சுட்டதை டீயில் முக்கிச் சாப்பிடுகிறவர். அவ்வளவு பாடுபட்டு மொறுமொறுப்பாக எடுத்துக் கொடுத்தால் முக்குகிறார். சொல்லிப் பார்த்தாயிற்று.

அவருக்கு இனிப்பு வேண்டாத நாளில் ஒரு காரப் பதிப்பும் உண்டு. கலவையில் சர்க்கரைக்குப் பதில் அரை தேக்கரண்டி உப்பு, பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லி, கொஞ்சம் மிளகு. மீதி முறை அப்படியே. வெங்காயம் மட்டும் ரொம்பப் பொடியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் திருப்பும்போது உதிர்ந்து கல்லில் கருகும். தொட்டுக்கொள்ள பொம்தாமூர் சட்டினி. பொம்தாமூர் என்றால் தக்காளி. வார்த்தைக்கு வார்த்தை பார்த்தால் காதல் ஆப்பிள்.

தைப்பூசக் காவடிக்கு முன் எங்கள் வீட்டில் பத்து நாள் விரதம், முட்டை வாசலுக்கே வராது. புரட்டாசியிலும் அப்படித்தான். அந்த நாளுக்கு அத்தையின் வழி வேறு: நன்றாகக் கனிந்து தோல் கறுத்த சின்ன வாழைப்பழம் இரண்டை மசித்து, 300 மில்லி பால், இரண்டு மேசைக்கரண்டி கஸ்டர்டு பவுடர், சிட்டிகை உப்பு. பழமே இனிப்பு, சர்க்கரை வேண்டாம். பவுடர் அடியில் தங்கிவிடும், ஒவ்வொரு துண்டும் தோய்க்குமுன் ஒரு கலக்குக் கலக்க வேண்டும். இதில் உள்ளே உறைவதற்கு முட்டை இல்லை, மாவுதான் வெந்து பிடிக்க வேண்டும். ஆகவே ஊறல் பாதி நேரம், தீ இன்னும் சிறிது, கல்லில் பக்கத்துக்கு ஐந்து நிமிஷம். பழத்தால் சீக்கிரம் கறுக்கும், பயந்து எடுத்துவிடாதீர்கள். ஈர்க்குச்சி சுத்தமாக வந்தால்தான் வெந்தது. முட்டை போட்டதைவிட இதுதான் பிடிக்கும் என்கிறாள் பெரியவள். பத்து நாள் முடிந்த பிறகும் கேட்கிறாள்.

கலவை மிஞ்சினால் வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். ரொட்டி தோய்ந்த பச்சை முட்டை. மிஞ்சுவதையெல்லாம் ஒரு கிண்ணத்தில் ஊற்றி, வெட்டும்போது ஒதுக்கின முனைத் துண்டுகளையும் அதில் பிய்த்துப் போட்டு, இட்லிப் பாத்திரத்தில் மூடி வைத்துப் பதினைந்து நிமிஷம் ஆவியில் வேக வைப்பேன். அது அத்தைக்கு. பல் செட்டைக் கழற்றி வைத்துவிட்டு, கரண்டியால் வழித்துச் சாப்பிடுவார்.